ஏழாவது கட்டமும் இரண்டு பூப்பொட்டலங்களும்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. இலங்கையில், கிளிநொச்சிப் பக்கத்துத் தர்மபுரத்தில் உள்ள எங்கள் மாதர் சங்கம், ஐந்து நாடுகளைச் சேர்ந்த பெண்கள் அமைப்புகளின் வலையமைப்பு ஒன்றில் நான்கு வருடங்களாக அங்கத்துவம் வகிக்கிறது. ஐந்தும் தண்ணீர் பாய்ச்சிப் பயிர் செய்யும் பெண்களின் அமைப்புகள்.

2. வலையமைப்பின் முதலாவது நேரடி ஒன்றுகூடலை நான் வசிக்கும் நோர்வே நகரத்தில் வைப்பதென முடிவானது. ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் இடம்.

3. சங்கம் லெச்சுமி அக்காவைத் தெரிவு செய்தது.

4. அழைப்புக் கடிதத்துக்கான படிவத்தை நான் நிரப்பினேன். அதன் ஏழாவது கட்டத்தில் ஒரு வரி எழுதினேன்.

5. லெச்சுமி அக்கா வீசா நேர்முகத்துக்காகக் கொழும்புக்குப் போனார். கேட்ட கேள்விகளுக்கு உண்மையான பதில் சொன்னார்.

6. வீசா மறுக்கப்பட்டது.

7. மறுப்புக் கடிதத்தின் பிரதி எனக்கு வந்த நாள், நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த நாள்.

ஆறாவது, நான்காவதால் வந்தது. லெச்சுமி அக்கா கொழும்பில் தடுமாறி எதையோ மாற்றிச் சொல்லிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை உலாவுவதாக அம்மா சொன்னார். அவர் தடுமாறவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

*

நான் வேலை செய்வது நகரசபையின் குடிநீர்ப் பகுதியில். மலையில் உள்ள ஏரியிலிருந்து வரும் குழாய்களில் பொருத்திய மானிகள் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓர் இலக்கத்தை அனுப்பும். காலையில் போனதும் கோப்பியை எடுத்துக்கொண்டு அந்த இலக்கங்களைப் பார்ப்பேன். ஒரே குழாயில் உள்ள இரண்டு மானிகள் வேறு வேறு இலக்கம் காட்டினால் நடுவில் கசிவு, அல்லது ஒரு மானி பிழை. பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, நடந்ததை மட்டும் எழுது என்பதை.

வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சியை முடித்த கையோடு கலியாணம், கலியாணத்தோடு விமானம். இங்கே மொழி படித்து, விட்ட பாடங்களைத் திரும்பப் படித்து, இந்த வேலைக்கு வர ஐந்து வருடம் பிடித்தது. இப்போது அலுவலகத்தில் நான் பேசும்போது ஒருவரும் நெற்றியைச் சுருக்குவதில்லை. வீட்டில்தான் சிக்கல். "நாங்கள் சாப்பாட்டு நேரத்தில ஒருத்தருக்கும் ஃபோன் எடுக்கிறேல்லை" என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். "ஆர் பிள்ளை அந்த நாங்கள்?" என்று கேட்டார்.

என் மகள் ஆதிரைக்கு ஏழு வயது. தமிழில் கேட்டால் விளங்கும். பதில் நோர்வே மொழியில் வரும். வலையமைப்பின் மாதாந்தக் கூட்டத்துக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'அம்மாவின் சத்தக் கூட்டம்'. முதலாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் சமையலறை மேசையில் கணினி திறக்கும். திரையில் நேபாளம், கென்யா, பொலிவியா, பிலிப்பைன்ஸ். ஐந்தாவது சதுரத்தில் தர்மபுரம் முன்பள்ளிக் கட்டடம், ஒரு தொலைபேசிக்கு முன்னால் பன்னிரண்டு முகங்கள். நான் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் நிற்பேன்.

அந்தக் கூட்டத்தில் ஒரு விதி உண்டு. யாரும் யாருக்கும் ஆலோசனை சொல்லக்கூடாது. தாங்கள் செய்ததை மட்டும் சொல்லலாம். கேட்பவர் விரும்பினால் எடுத்துக்கொள்வார். நேபாளத்துச் சரிதா ஒருமுறை தன் கொப்பியைத் திரையில் காட்டினார். வாய்க்கால் கடைசியில் உள்ள தன் வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நேரத்தை ஒவ்வொரு முறையும் குறித்து வைத்திருந்தார். அவ்வளவுதான் சொன்னார்.

லெச்சுமி அக்காவின் வயலும் வாய்க்கால் கடைசியில்தான் இருக்கிறது. குத்தகை வயல். அடுத்த நாளே அவர் தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பி வாங்கினார். மழையில்லாத மாதங்களில் குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகம் இரண்டுக்கு எழுதினார். குளத்துக் கதவு திறந்த நேரம், தன் மூலைக்குத் தண்ணீர் வந்த நேரம், வராத நாள். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இல்லாதவருக்கு, தண்ணீர் முறையைத் தீர்மானிக்கும் சிறுபோகக் கூட்டத்தில் பேச இடமில்லை. ஆனால் கொப்பிக்கு இடம் கிடைத்தது. சங்கத்துப் பெண்கள் அதை நீர்ப்பாசனக் கந்தோருக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். இப்போது ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை வாய்க்கால் கடைசியிலிருந்து முறை தொடங்குகிறது. நோர்வேக்கு வந்து அவர் சொல்லவேண்டியிருந்தது இதைத்தான்.

*

நான் சங்கக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியது பதினேழு வயதில், போர் முடிந்து ஊரில் மீள்குடியேறிய காலத்தில். முன்பள்ளிக்கு அப்போது நீலத் தறப்பாள் கூரை. வெயில் ஏறினால் உள்ளே எல்லாரும் நீலமாகத் தெரிவோம். இருந்த கதிரைகள் நாலு வயதுப் பிள்ளைகளுக்கானவை. முழங்கால் நாடியில் முட்ட அவற்றில் குந்தியிருந்துதான் கிணறு இறைப்பது முதல் யாருடைய வீட்டுக்கு முதலில் கூரை போடுவது வரை முடிவு செய்தார்கள். பால் விடாத பிளேன்ரீயும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வரும். சீனியை நக்கிக்கொண்டே வாக்குவாதப்படுவார்கள். இங்கே அலுவலகத்தில் நீள்வட்ட மேசையைச் சுற்றி இருந்து, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து பேசும் கூட்டங்களில் எனக்கு அந்தச் சின்னக் கதிரைகளின் நினைவுதான் வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினாலும் அங்கே ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்டது.

சங்கத்தில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பத்தவர்கள். மறுபாதி, மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்து, முதலில் அந்தக் காணிகளில் கூலிக்கு நின்ற குடும்பத்தவர்கள். எங்கள் வீடு முதல் பாதி. லெச்சுமி அக்கா வீடு இரண்டாவது.

யாரையாவது ஒரு பொறுப்புக்குத் தெரிவு செய்யவேண்டும் என்றால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரே அளவில் வெட்டிய இரண்டு வாழையிலைத் துண்டுகள். ஒன்றுக்குள் சிவப்புச் செவ்வரத்தம்பூ, மற்றதுக்குள் வெள்ளை நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூலால் கட்டி, குலுக்கி, விளக்குக்கு முன்னால் வைப்பார்கள். எந்தப் பூ யாருக்கு என்று முன்கூட்டியே பேசியிருப்பார்கள். கட்டும்போது வெளியே நின்ற ஒருவர் உள்ளே வந்து ஒரு பொட்டலத்தை எடுப்பார். நூல் அவிழும்வரை அந்தக் கொட்டிலில் இருந்த அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கூட்ட அறிக்கை எழுதும் வேலையை என்னிடம் தந்தவர் செயலாளர் சறோ அக்கா. ஓய்வுபெற்ற ஆசிரியை, பேனை பிடிக்கும் எல்லாரும் அவருக்கு மாணவர்தான். முதலாவது அறிக்கையில் 'பூக்கட்டித் தெரிவு' என்று எழுதினேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு அதை வெட்டினார்.

"பிள்ளை, இதைச் செயலகக் கந்தோரில ஐயா பார்ப்பார். பூ எண்டு கண்டால் சிரிப்பார். 'கை உயர்த்தி ஏகமனதாக' எண்டு எழுதும்."

"ஒருத்தரும் கை உயர்த்தேல்லையே அக்கா."

"அது எங்களுக்குத் தெரியும்தானே. கொப்பிக்குத் தெரியத் தேவையில்லை."

அப்படியே எழுதினேன். மூன்று வருடம் எழுதினேன். என் கையெழுத்து நல்லது என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்களாம்.

*

இம்முறை இரண்டு பெயர்கள். ஆங்கிலம் தெரிந்ததால் சறோ அக்கா. தண்ணீர்க் கொப்பி எழுதியதால் லெச்சுமி அக்கா. பொட்டலத்தை எடுத்தது அம்மா. நிறைய வருடங்களாக அவர்தான் எடுக்கிறார். முடிவைச் சொல்ல சறோ அக்காவே அழைத்தார்.

"செவ்வரத்தை வந்தது. நான் நந்தியாவட்டை."

"கவலையோ அக்கா?"

"என்ர முழங்காலோட பிளேன் படி ஏறேலாது. ஆனால் வெள்ளைக்காரரோட இங்கிலீசில ஒருக்கா வாய் காட்ட இருந்த சந்தர்ப்பம் போட்டுது."

அன்று பின்னேரம் படிவத்தைத் திறந்தேன். ஏழாவது கட்டம்: 'பிரதிநிதி எந்த முறையில் தெரிவு செய்யப்பட்டார்?' 'உறுப்பினர்கள் கை உயர்த்தி, ஏகமனதாக' என்று எழுதினேன். பத்துச் செக்கன் எடுத்திருக்காது. அந்த வரி அப்படியே அழைப்புக் கடிதத்தில் ஏறியது.

பழக்கத்தில் எழுதியது என்று சொன்னால் பாதிதான் உண்மை. படிவத்தை வாசிக்கப்போகிறவர் வலையமைப்பின் ஒருங்கிணைப்பாளர், கென்யாவைச் சேர்ந்த வஞ்சிரு. அவருக்கு முன்னால் என் ஊர்ப் பெண்கள் பூவைப் போட்டு ஆளைப் பிடிக்கிறவர்களாகத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். கந்தோர் ஐயா சிரிப்பார் என்று சறோ அக்கா பயந்த அதே பயம்தான்.

பிறகு லெச்சுமி அக்காவுக்கு இரண்டு பட்டியல்கள் அனுப்பினேன். முதலாவது ஆவணங்கள். அவருடைய பிறப்பு மலையகத்தில் பதிவானது. அதில் பெயர் மகாலெட்சுமி. அடையாள அட்டையில் லெட்சுமி. இருவரும் ஒருவரே என்று கிராம அலுவலர், பிரதேச செயலகம், சமாதான நீதவான் என மூன்று இடத்தில் கையெழுத்து வாங்க இரண்டு மாதம் போனது. கடவுச்சீட்டு வந்த அன்று அதன் படத்தை எனக்கு அனுப்பினார். 'இப்ப நான் ஒரு ஆள்தான்' என்று கீழே எழுதியிருந்தது.

இரண்டாவது பட்டியல் உடுப்பு. தடித்த சால்வை ஒன்று, மூடிய சப்பாத்து ஒரு சோடி, கம்பளிச் சொக்ஸ் மூன்று சோடி. சொக்ஸுக்காகப் புதுக்குடியிருப்புச் சந்தை முழுவதும் அலைந்தாராம். "இந்த வெயிலுக்க ஆருக்கம்மா கம்பளி?" என்று கடைக்காரர் கேட்டாராம். "எனக்குத்தான், நான் பனிக்குள்ள கதைக்கப் போறன்" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

*

கொழும்புக்குச் சறோ அக்காவும் கூடப் போனார். பஸ், போர்க்காலத்தில் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டும்போது லெச்சுமி அக்கா கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாராம். அங்கே யாரும் இறங்கச் சொல்லி எத்தனையோ வருடம். "பழக்கம் தங்கச்சி. கை தானாப் போகுது. திரும்பிப் பார்த்தா சறோ அக்காவும் எடுத்து வச்சிருக்கிறா" என்று தொலைபேசியில் சிரித்தார்.

நேர்முகத்தைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"கண்ணாடிக்கு அங்கால ஒரு பிள்ளை. தமிழ்ப் பிள்ளைதான், நல்ல மரியாதை. சங்கத்தில எத்தினை பேர் எண்டு கேட்டா, சொன்னன். தண்ணிக் கொப்பியக் காட்டினன், ஒவ்வொரு பக்கமாப் பார்த்தா. பிறகு, உங்கள எப்படித் தெரிவு செய்தவங்க எண்டு கேட்டா. பூக்கட்டி எண்டன். கை உயர்த்தேல்லையா எண்டா. இல்லம்மா, எங்க சங்கத்தில கை தூக்கிற வழக்கமே இல்ல எண்டன்."

"பிறகு?"

"கடதாசியப் பார்த்தா. என்னப் பார்த்தா. எழுதினா. நான் ஒரு இடத்திலயும் திக்கேல்ல தங்கச்சி. வடிவாத்தான் கதச்சன்."

படிவத்தில் நான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. அந்த நேரமே சொல்லியிருக்கவேண்டும். "நல்லது அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அழைப்புக் கடிதத்தில் உள்ள விபரமும் விண்ணப்பதாரி தந்த விபரமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று ஒரு வசனம். ஒரே குழாயில் இரண்டு மானி, இரண்டு இலக்கம். பிழையான மானி எதுவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அன்று வீட்டில், நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் நிறைந்ததற்குக் கணவர் கேக்கின் மேல் கிறீமால் '10' என்று எழுதி வைத்திருந்தார். வெட்டினோம். ஆதிரை ஒன்றை நான் சாப்பிடலாமா, பூச்சியத்தை நான் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் காலை லெச்சுமி அக்காவை அழைத்தேன். கடிதத்தைத் தமிழில் வாசித்தேன். பின்னணியில் தண்ணீர் மோட்டர் ஓடும் சத்தம் கேட்டது. அதை நிறுத்திவிட்டு வந்தார்.

"அப்ப நான் பிழையாச் சொல்லிட்டனா?"

"இல்லை அக்கா. நான்தான் பிழையா எழுதினது. கை உயர்த்தி எண்டு எழுதினன்."

"அது கந்தோர்க் கதை தங்கச்சி. கிளிநொச்சிக்குள்ள ஓடும். கடலுக்கு அங்கால கொண்டுபோனா ஓடுமா?"

"என்னில கோவமோ அக்கா?"

"கோவம் இருக்குத்தான். இல்லையெண்டு சொன்னா அதுவும் கந்தோர்க் கதையாப் போகும்." பிறகு அவரே, "சொக்ஸ் நல்ல சொக்ஸ். மார்கழிப் பனிக்கு வயலுக்குப் போட்டுப் போறன்" என்றார்.

*

அன்றே அம்மாவையும் அழைத்தேன். மூன்று வருடம் அறிக்கை எழுதியும் நான் கேட்காத ஒரு கேள்வி இருந்தது. ஏன் கை உயர்த்துவதில்லை?

"உனக்குத் தெரியாதே?" என்றார் அம்மா.

"தெரியாதம்மா."

"நீ கைக்குழந்தை அப்ப. சங்கம் தொடங்கின புதுசு. தலைவிக்கு ரெண்டு பேர் நிண்டவை, எங்கட ஆக்கள் ஒராள், அவையின்ர ஆக்கள் ஒராள். கை தூக்கச் சொன்னது. கை தூக்கேக்க ஆற்ற கை எந்தப் பக்கம் போனது எண்டு எல்லாரும் பார்க்கலாம்தானே. அடுத்த நாள் நாலு பேரைக் களை எடுக்கக் கூப்பிடேல்லை. அந்தக் கிழமை முழுக்கக் கூப்பிடேல்லை. அதில லெச்சுமின்ர தாயும் ஒராள்."

"ஆர் கூப்பிடேல்லை?"

அம்மா அடுப்பில் எதையோ இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"எங்கட வயல்தான். நான்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வேற ஆரோ எண்டு சொல்ல எனக்கும் ஆசைதான்."

அடுத்த கூட்டத்துக்கு லெச்சுமி அக்காவின் தாய் மடியில் இரண்டு பொட்டலங்களோடு வந்தாராம். 'இனி இப்படிப் பார்ப்பம், பூவுக்கு ஒருத்தரும் கூலி குடுக்கிறதில்ல' என்றாராம். ஒருவரும் மறுக்கவில்லை. பொட்டலத்தை எடுக்க அவர் கூப்பிட்டது அம்மாவை. அன்றிலிருந்து அம்மாவின் கைதான் எடுக்கிறது.

நான் பட்டியல் போடுகிறவள். தெரிந்தவை, தெரியாதவை என்று இரண்டு நிரல் எப்போதும் என்னிடம் இருக்கும். சங்கத்தைப் பற்றித் தெரியாதவை என்ற நிரலில் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை.

*

வஞ்சிருவுக்கு அன்றைக்கே எழுதினேன். ஏழாவது கட்டத்தில் நான் எழுதியது பொய், பிரதிநிதி பூக்கட்டித் தெரிவானவர், பிழை என்னுடையது. மூன்று வசனங்கள். பதிலும் சுருக்கமாக வந்தது. ஒன்றுகூடலுக்கு முன் மறுபடி விண்ணப்பிக்க நேரம் போதாது. நீ அந்த நகரத்திலேயே இருக்கிறாய், சங்கம் ஒத்துக்கொண்டால் அவருடைய இடத்தில் நீ உட்காரலாம்.

சங்கத்திடம் கேட்டேன். கூடிப் பேசிவிட்டு சறோ அக்கா அழைத்தார்.

"பிள்ளை, கேக்கிறன் எண்டு கோவிக்காதையும். நீர் எங்கட சங்கத்தில உறுப்பினரோ?"

தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் உறுப்புரிமை முடியும் என்ற விதியை நானே என் நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். திரும்பச் சேர, தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவேண்டும்.

"நாலு வருசமா மாதக் கூட்டத்தில இருக்கிறன்தானே அக்கா."

"அது உலகக் கூட்டம். நாங்கள் சொல்லுறது எங்கட கூட்டம்."

"ஃபோனில வந்தால் கணக்கோ?"

"அதுக்கும் பூக்கட்டித்தான் பார்க்கவேணும்" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்து, "லெச்சுமியின்ர கதையை நீர் அங்க சொல்லும். அவவின்ர கதிரையில இருக்கவேண்டாம். ஒருத்தருக்கும் உம்மில வெறுப்பில்லை பிள்ளை" என்றார்.

வெறுப்பில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பத்து வருடமாக 'எங்கள் சங்கம்' என்று சொல்லி வந்த சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தக் குறிப்பின் முதல் வரியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். வெட்டவில்லை.

அந்தக் கிழமை ஆதிரையின் வகுப்பில் மாணவர் பிரதிநிதியைத் தெரிவு செய்தார்கள். எப்படி என்று கேட்டேன். எல்லாரும் மேசையில் தலையைக் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டுதான் கை உயர்த்த வேண்டுமாம்.

"ஏன் கண்ணை மூடவேணும்?"

"பார்த்தால் பிறகு விளையாடச் சேர்க்கமாட்டினம், அம்மா."

அதை அவள் தமிழில் சொன்னாள். ஏன் என்று தெரியவில்லை.

*

ஒன்றுகூடல் நகர நூலகத்தின் மேல்மாடியில் நடந்தது. நேரில் நான்கு பிரதிநிதிகள். ஐந்தாவது கதிரைக்கு முன்னால் லெச்சுமி அக்காவின் முழுப்பெயர் எழுதிய அட்டை. நான் கணினிக்குப் பக்கத்தில் நின்றேன். தொழில்நுட்ப ஒழுங்குகள் என் பொறுப்பு. இரண்டு முறை சோதித்திருந்தேன்.

முன்பள்ளிக்குள் படம் தெளிவாக வருவதில்லை என்பதால் அவர்கள் குளக்கட்டில் ஏறி நின்றார்கள். அங்கே ஒன்றரை மணி வெயில். பன்னிரண்டு பேர், ஏழு குடை. பின்னால் குளம் வற்றிப்போய், நடுவில் மட்டும் தண்ணீர் தகரம் மாதிரி மின்னியது. அந்தக் குளக்கட்டில் நான் சைக்கிள் பழகியிருக்கிறேன். பெரிய திரையில் அதைப் பார்த்தபோது, விழுந்து முழங்கால் உரசிய இடம் எதுவென்று என் கண் தானாகத் தேடியது.

லெச்சுமி அக்கா கொப்பியை விரித்து வாசித்தார்.

"செவ்வாய். கதவு திறந்தது விடிய ஆறு மணி. எங்க மூலைக்கு வந்தது பின்னேரம் நாலு. வெள்ளி. கதவு திறந்தது ஆறு. வரல்ல. செவ்வாய். வரல்ல. வெள்ளி. பொழுதுபட வந்தது, கால் நனையிற அளவு."

ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தேன். இரண்டு பக்கம் வாசித்தார். முடிந்ததும் வஞ்சிரு, உங்களுக்கு வீசா கிடைக்காமல் போனதற்குக் காரணமான அந்தத் தெரிவு முறையைப் பற்றிக் கேட்கலாமா, ஏன் கை உயர்த்துவதில்லை என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். லெச்சுமி அக்கா கொப்பியை மூடினார்.

"அத நான் சொல்றது சரியில்ல. சொல்லவேண்டிய ஆள் இங்க நிக்கிறா" என்று தொலைபேசியைத் திருப்பினார்.

திரையில் அம்மா. குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"என்னட்டையோ கேக்கினம்? சரி. நான் காணிக்காரி. ஆர் எங்கட ஆளுக்கு எதிராக் கை தூக்கினவை எண்டு பார்த்து வைச்சு, அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிடேல்லை. இவவின்ர தாயையும் கூப்பிடேல்லை. அதுக்குப் பிறகுதான் பூ வந்தது. அவ்வளவுதான். மொழிபெயர் பிள்ளை."

'இந்த உறுப்பினர்' என்று தொடங்குவதா, 'என் அம்மா' என்று தொடங்குவதா என்று ஒரு கணம் நின்றேன். 'என் அம்மா' என்றே தொடங்கினேன்.

முதலில் பேசியவர் நேபாளத்துச் சரிதா. தங்கள் ஊரில் யாரை அனுப்புவது என்பதைக் கிணற்றடியில் பேசி முடித்துவிடுவார்களாம். படிவத்தில் 'வாக்கெடுப்பு' என்று எழுதுவார்களாம். பொலிவியாவிலிருந்து வந்தவர் மேசையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். வஞ்சிரு தன் கையில் இருந்த படிவத்தை எடுத்து ஏழாவது கட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். அதற்குப் பதிலாக ஒரு முழுப் பக்கம் வெறுமையாக விடுவோம், நடந்ததை நடந்தபடி எழுதட்டும் என்றார்.

குளக்கட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "கூட்டம் முடிஞ்சுதோ? கால் சுடுது." அதையும் மொழிபெயர்த்தேன். கூட்டம் சிரித்தது. அங்கே ஏழு குடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குளக்கட்டிலிருந்து இறங்கின. தொலைபேசியை அணைக்க யாரோ மறந்ததால் கொஞ்ச நேரம் அவர்களுடைய செருப்புச் சத்தம் நூலகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

*

இன்றைய நிலை இது.

வரும் வசந்தத்தில் ஒரு சிறிய வேலைக் கூட்டம் இங்கே நடக்கவிருக்கிறது. அதற்கு லெச்சுமி அக்காவின் இடம் அப்படியே இருக்கிறது. இரண்டாவது விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. வெறுமையாக விட்ட அந்தப் பக்கத்தில் பூவைப் பற்றியும் எங்கள் வயலைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். அம்மா சொல்ல நான் எழுதினேன், லெச்சுமி அக்கா வாசிக்கக் கேட்டுச் சரி என்றார். முந்திய படிவத்தில் நான் எழுதியது பொய் என்று ஒரு கடிதமும் என் கையொப்பத்தோடு இணைத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை.

சங்கத்தின் அறிக்கைக் கொப்பியில் சறோ அக்கா முதன்முறையாகப் 'பூக்கட்டித் தெரிவு' என்று எழுதினார். கந்தோரில் கையொப்பம் வைத்துவிட்டார்கள். சிரித்தார்களா என்று கேட்டேன். "வாசிச்சால்தானே பிள்ளை சிரிக்கிறதுக்கு" என்றார்.

தொலைபேசியில் வருவதைக் கணக்கில் எடுக்கலாமா என்று பூக்கட்டிப் பார்த்தார்கள். எடுக்கலாம் என்று வந்தது. மூன்று கூட்டங்களில் இரண்டுக்குப் போயிருக்கிறேன்.

மார்கழி வந்துவிட்டது. விடியற்காலைப் பனிக்கு லெச்சுமி அக்கா வெறுங்காலோடுதான் வயலுக்குப் போகிறார் என்று அம்மா சொன்னார். சொக்ஸ் மூன்று சோடியும் நோர்வேக்கென்று வாங்கிய சால்வையோடும் சப்பாத்தோடும் அலுமாரிக்குள் இருக்கின்றன. விலைத்துண்டு இன்னும் கழற்றவில்லை.